நாலாயிரத்து ஒன்றாவது வண்டி

சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 29 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்கள் மே 7 முதல் இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டும். உத்தரவுக்கும் அமலுக்கும் நடுவே இருந்தது ஒரே வாரம். அதற்குள் இணையதளம் தயாராக வேண்டும். உள்நாட்டவர் செல்பேசி எண்ணாலும் வெளிநாட்டவர் மின்னஞ்சலாலும் பதிவு செய்ய வழி வேண்டும். அப்போது நோக்கம் கணக்கெடுப்பு மட்டுமே. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது.

2025 மார்ச்சில் விதி மாறியது. ஏப்ரல் 1 முதல் கோடைக் காலம் முடியும்வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தது. பார்ப்பவருக்கு இது ஓர் எண்ணைச் சேர்க்கும் சின்ன வேலை. உள்ளே மென்பொருளின் குணமே மாறிவிடுகிறது. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்த ஒன்று, இனி சிலரிடம் ‘இடமில்லை’ என்று சொல்ல வேண்டும். அதையும் பிசகாமல் சொல்ல வேண்டும்.

3,999 பாஸ் கொடுத்தாயிற்று என்று கொள்வோம். மதுரையில் ஒருவரும் கோவையில் ஒருவரும் ஒரே நொடியில் விண்ணப்பிக்கிறார்கள். இரு கோரிக்கைகளும் தரவுத்தளத்தைப் படிக்கின்றன. இரண்டுக்கும் தெரிவது 3,999 என்ற எண்தான். ‘இன்னும் ஓர் இடம் உண்டு’ என்று இரண்டுமே பாஸ் தந்துவிடுகின்றன. 4,001-ஆவது வண்டி மலையேறிவிடும். எண்ணைப் படிப்பதையும் ஒன்றைக் கூட்டுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக எழுதினால்தான் இதைத் தடுக்க முடியும். இன்னொரு பொறி நேரம். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. அந்தக் கணக்கில் நாள் மாறும்போது இங்கே காலை ஐந்தரை மணி. கவனிக்காவிட்டால், சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பும் குடும்பத்துக்கு வெள்ளிக்கிழமை வரம்பே பொருந்தும்.

வாங்கிக் கணினியில் நிறுவிக்கொள்ளாமல், இணையம் வழியே சேவையாகப் பெறும் மென்பொருளை ‘சாஸ்’ என்கிறார்கள். சென்னையில் வளர்ந்த சோகோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனங்களின் தொழிலே இதுதான். இ-பாஸ் விற்பனைப் பொருள் அல்ல. ஆனால் அதன் இயல்பும் அதுவே. இத்தகைய மென்பொருளுக்கு ‘முடிந்தது’ என்ற நாள் கிடையாது. விதி மாறும், கூட்டம் மாறும். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்த வேண்டும். அதற்காகப் பிறந்த முறைதான் டெவ்ஆப்ஸ்.

முன்பெல்லாம் நிரல் எழுதுபவர்கள் ஒரு குழு, சர்வரை இயக்குபவர்கள் மறு குழு. புதிய வசதிகளைக் கொண்டுவந்தால் முதல் குழுவுக்குப் பெயர். எதுவும் நிற்காமல் ஓடினால் இரண்டாம் குழுவுக்குப் பெயர். ஆகவே ஒருவர் மாற்றத்தைத் தள்ள, மற்றவர் தடுப்பார். 2009 ஜூனில் ஃப்ளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும், தங்கள் தளத்தில் ஒரு நாளில் பத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களைப் பத்திரமாக வெளியிடுவதை ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேட்ரிக் டெபோய்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து டெவ்ஆப்ஸ் என்ற பெயர் பரவியது.

முறை எளிது, ஒழுங்குதான் கடினம். மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்று பதிவாக வேண்டும். மாற்றம் சேர்ந்தவுடன் தானியங்கிச் சோதனைகள் ஓட வேண்டும்: ஒரே நொடியில் ஆயிரம் விண்ணப்பம் வந்தால் 4,000-ஐத் தாண்டுகிறதா? நள்ளிரவில் நாள் சரியாக மாறுகிறதா? இவற்றில் தேறினால் முதலில் சிறு பங்குப் பயனர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும். பிழை கூடினால் சில நிமிடங்களில் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும்.

இந்த ஒழுங்கு தவறியபோது என்ன ஆனது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிடல், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலைப் போடாமல் விட்டுவிட்டது. அதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பை உண்டாக்கியது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் வெளியிட்ட பிழையான ஓர் அப்டேட், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். முதலாவதில் வெளியீட்டை மனித நினைவை நம்பிச் செய்தார்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள்.

இப்போது மலைக்கு வருவோம். பழனியிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் ஏறும் சாலைகள் பெருமாள்மலையில் சேர்கின்றன. அதைத் தாண்டினால் வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச் சாவடி. சீசன் நாளில் அங்கே ஒரு வண்டியின் பாஸ் திறக்கத் தாமதமானால், பின்னால் வளைவுக்கு வளைவு வரிசை நீளும். சர்வர் பழுதின்றி ஓடுவதாக அலுவலகத் திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே சாவடியில் சிக்னல் இல்லாமல் போகலாம். அன்றைய பாஸ் பட்டியலைச் சாவடிக் கருவியிலேயே முன்கூட்டி இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் சரிபார்க்கலாம். இந்தத் தேவை சென்னையில் மேசைமுன் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது. வெயிலிலும் மழையிலும் சாவடியில் நிற்கும் ஊழியருக்குத்தான் தெரியும். அவர் காலையில் கண்ட குறை மாலைக்குள் நிரலாளரை எட்ட வேண்டும், திருத்தம் சில நாட்களில் சாவடிக்கு வர வேண்டும். டெவ்ஆப்ஸின் உயிர் கருவிகளில் இல்லை. இந்த வட்டம் எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அதை அளக்க நான்கு அளவுகோல்களைத் துறையினர் வைத்திருக்கிறார்கள்: எத்தனை முறை மாற்றம் வெளியாகிறது, எழுதிய மாற்றம் மக்களை எட்ட எவ்வளவு நேரம், வெளியிட்டவற்றில் எத்தனை பழுதாகின்றன, பழுதானால் மீள எவ்வளவு நேரம். மென்பொருள் துறை ஆய்வாளர் நிக்கோல் ஃபோர்ஸ்க்ரென் குழுவின் ஆய்வுகள், வேகமும் உறுதியும் ஒன்றையொன்று கெடுப்பவை அல்ல என்று காட்டின. அடிக்கடி சிறிதாக மாற்றுபவர்களே குறைவாகத் தடுக்கி விழுகிறார்கள்.

பழனி மலைத்தொடரில் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும். அதைப் பார்க்கக் கூட்டம் வரும் என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடும் ஊர்கள் எத்தனை இருக்கும்? அந்தச் சுமையைப் போலியாக உருவாக்கித் தளத்தைச் சோதிக்கப் போதிய காலம் இருக்கிறது. அரசு தன் மென்பொருள் ஒப்பந்தங்களில், தளத்தைக் கட்டி ஒப்படைப்பதோடு கடமை முடியாது என்று எழுத வேண்டும். இயக்கும் பொறுப்பையும் அந்த நான்கு அளவுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அளவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நீதிமன்றம் வரம்பு விதித்தது மலையைக் காக்க. அந்த வரம்பு காகிதத்தோடு நின்றுவிடாமல் சாலையில் நடப்புக்கு வர, அதைத் தாங்கும் மென்பொருளை நாள்தோறும் பேணும் ஆட்கள் வேண்டும். அதற்கான நிதியை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.