ஸ்மார்ட்புக்: கைபேசி இயங்குதளத்தில் அமைந்த மடிக்கணினியின் தோற்றமும் தேக்கமும்

முன்னுரை

மடிக்கணினியின் விசைப்பலகையையும் கைபேசியின் இயங்குதளத்தையும் ஒரே கருவியில் இணைக்கும் முயற்சி 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் ‘ஸ்மார்ட்புக்’ என்னும் பெயரில் முன்வைக்கப்பட்டது. குறைந்த எடை, நீடித்து உழைக்கும் மின்கலம், இடையறாத இணைய இணைப்பு ஆகியன அதன் சிறப்புகளாகக் கூறப்பெற்றன. எனினும், அக்கருவி சந்தையில் நிலைபெறவில்லை. அதன் அமைப்பையும் தேக்கத்திற்கான காரணங்களையும் விளக்குவதோடு, எழுத்துப்பணிக்கு உரிய கணினி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடி

இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 1997இல் ‘சீரிஸ் 5’ என்னும் கையடக்கக் கணினியை வெளியிட்டது. விசைப்பலகையுடன் கூடிய அக்கருவி இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கியது. அதன் இயங்குதளமே 1998இல் உருவான சிம்பியன் நிறுவனத்தின் வழியாகக் கைபேசிகளுக்குச் சென்றது. அன்று கணினியிலிருந்து கைபேசிக்குச் சென்ற இயங்குதளம், ஸ்மார்ட்புக்கில் எதிர்த்திசையில் பயணம் செய்தது.

அமைப்பும் கருவிகளும்

ஸ்மார்ட்புக்கின் அடிப்படை, கைபேசிகளில் பயன்படும் ஆர்ம் வகை நுண்செயலியாகும். மையச் செயலகம், வரைகலை முதலிய பகுதிகள் ஒரே சில்லில் அமைந்தமையால் மின்செலவு குறைந்தது. ஆனால், அக்காலத்து மேசைக்கணினி விண்டோஸ் ஆர்ம் நுண்செயலியில் இயங்காது. ஆகவே, ஆண்ட்ராய்டையோ லினக்ஸையோ நாடவேண்டிய நிலை ஏற்பட்டது.

குவால்காம் நிறுவனம் 2009இல் இப்பெயரைப் பரப்ப முற்பட்டபோது, அதே பெயருடைய செருமானிய நிறுவனம் ஒன்று நீதிமன்றத் தடை பெற்றது. லெனோவோ 2010 சனவரியில் அறிவித்த ‘ஸ்கைலைட்’ அவ்வாண்டு மே மாதத்திலேயே கைவிடப்பட்டது. எச்.பி. நிறுவனத்தின் ‘ஏர்லைஃப் 100’, தோசிபாவின் ‘ஏசி100’ ஆகியன ஆண்ட்ராய்டுடன் வெளிவந்தன. ஏசி100இன் எடை 870 கிராம், திரை 10.1 அங்குலம்.

தேக்கத்தின் காரணங்கள்

புறக்காரணம் ஐபேட். 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த அது, படித்தல், பார்த்தல் ஆகிய தேவைகளை விசைப்பலகையின்றியே நிறைவேற்றியது.

அகக்காரணம் இயங்குதளத்தின் இயல்பு. சிறிய தொடுதிரைக்காக வடிவமைக்கப்பட்ட அன்றைய ஆண்ட்ராய்டில், ஒரு நேரத்தில் ஒரு செயலியே திரையை நிறைத்தது. நினைவகம் குறையும்போது பின்னணியிலுள்ள செயலியை இயங்குதளமே நிறுத்திவிடும். செய்தி வாசிப்பவருக்கு இவை குறைகள் அல்ல. ஆனால், மூலத்தையும் உரையையும் அருகருகே வைத்துப் பாடவேறுபாடு காணும் ஆய்வாளருக்கு இவை பெருந்தடைகள். திரையைப் பகுத்து இரு செயலிகளைக் காட்டும் வசதி 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7.0இல்தான் பொதுவசதியாக அமைந்தது.

தமிழ் எழுத்துச் சிக்கல்

ஆண்ட்ராய்டு 2 வரிசையின் பொதுப்பதிப்பில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துகளின் இடத்தில் கட்டங்களே தோன்றின. எழுத்துருவைச் சேர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககர மெய்யின் அகரமேறிய வடிவமும் அதனைத் தொடரும் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு முன்னே நிற்றல் வேண்டும். ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் பிரிகிறது. இவ்வரிசை மாற்றத்தைச் செய்யும் எழுத்துவடிவாக்கப் பகுதி இயங்குதளத்தில் இல்லாவிடில் கொம்பு எழுத்தின் பின்னே விழும். எழுத்துருவும் எழுத்துவடிவாக்கமும் சேர்ந்தமைந்தாலன்றித் தமிழ் எழுத்துப்பணி இயலாது என்பது இதனால் புலனாகும்.

முடிவுரை

ஸ்மார்ட்புக் என்னும் பெயர் வழக்கொழிந்தது. அதன் அடிப்படைக் கருத்து ஒழியவில்லை. 2011இல் வந்த அசுஸ் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கழற்றத்தக்க விசைப்பலகையைக் கொண்டிருந்தது. 2020இல் ஆப்பிள் தன் மடிக்கணினிகளை ஆர்ம் வழிப்பட்ட எம்1 சில்லுக்கு மாற்றியபோது, மேசைக்கணினி இயங்குதளத்தையே அதில் இயக்கியது. தேங்கியது கைபேசியின் நுண்செயலி அன்று. கைபேசியின் பயன்பாட்டு முறையே. எனவே, மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் கருவி தேர்வோர் எடையையும் விலையையும் மட்டும் நோக்காது, இரு நூல்களை ஒருசேரத் திறக்க இயலுமா, தமிழைப் பிழையின்றிக் காட்டுமா என்பவற்றையும் சோதித்தறிதல் இன்றியமையாதது.