ஜைபும் கணினியும்: கிப்லாவின் கோணம்

கிப்லாவை முன்னோக்குதல் தொழுகையின் கடமையென்பதற்கு அல்பகரா அத்தியாயத்தின் 144ஆம் வசனம் ஆதாரமாகும். நம் ஊர்களில் கிப்லா என்றாலே மேற்கு எனும் வழக்கு வேரூன்றியுள்ளது. ஆயின், உத்திரமேரூரிலிருந்து கணக்கிட்டால் கஃபா நேர் மேற்கிலன்று. அதற்கு வடக்கே சுமார் 18½ பாகை தள்ளி அமைகிறது. இக்கணக்கைக் கணினி எவ்வாறு செய்கிறது, எங்கே பிழைபடும் என்பதை அறிவோம்.

சைன் எனும் சொல்லுக்கே ஒரு வரலாறுண்டு. வடமொழியின் 'ஜீவா' அரபியில் 'ஜீபா' ஆயிற்று. உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் பின்னோர் அதனை 'ஜைப்', அதாவது ஆடையின் மடிப்பு, எனப் படித்தனர். லத்தீனார் அப்பொருளைக் கொண்டே 'சைனஸ்' என்றனர். அல்பீரூனி (973–1048) கஸ்னா நகரின் இடநிலையையும் கிப்லாவையும் வரையறுக்க ஒரு நூலே இயற்றினார். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் அல்கலீலீ, பல ஊர்களுக்கும் பயன்படும் கிப்லா அட்டவணையை வகுத்தார்.

பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் சைன், கோசைன் ஆகியவை ஆயத்தச் சார்புகளாக உள்ளன. ஆனால் அவை பாகையை அறியா, ரேடியனையே ஏற்கும். 180 பாகை என்பது 'பை' ரேடியன். மாற்றாமல் 30 என இட்டால், 0.5க்குப் பதிலாக −0.988 என்றே விடை வரும். பிழையெனக் கணினி எச்சரிக்காது.

உத்திரமேரூரின் அட்சரேகை சுமார் 12.62, தீர்க்கரேகை 79.76, கஃபாவினுடையவை 21.42, 39.83. கோளக் கோணவியல் சூத்திரத்தின்படி கிழக்கு-மேற்குக் கூறு −0.598, வடக்கு-தெற்குக் கூறு 0.200. முதற்கூறு எதிர்மம் என்பதால் மேற்கு. அடுத்தது நேர்மம் என்பதால் வடக்கு. இவ்விரண்டையும் 'ஏடேன்2' எனும் சார்பிடம் தந்தால் −71.5 பாகைக்குரிய ரேடியன் கிட்டும். பாகையாக்கி 360ஐக் கூட்டினால் 288.5, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணப்படும் கோணம் இதுவே.

முதற்கூற்றை மற்றதால் வகுத்துச் சாதாரண 'ஏடேன்' சார்பைப் பயன்படுத்தினால் என்ன? நமதூருக்கு விடை மாறாது. தில்லிக்கோ இரு கூறுகளும் எதிர்மம். வகுக்கையில் குறிகள் மறைந்துவிடும். 267 பாகை வரவேண்டிய இடத்தில் 87 வரும். மேற்கு நோக்க வேண்டியவர் கிழக்கு நோக்கி நிற்பார்! ஓரூரில் சரிபார்த்த நிரல் எல்லா ஊருக்கும் சரியெனக் கொள்ளலாகாது.

இதனால் நம் முன்னோரின் தொழுகை பாழாயிற்றென எவரும் ஐயுறல் வேண்டா. தொலைவிலுள்ளோர் கஃபாவின் திசையை முன்னோக்கினால் போதுமென்பது ஹனஃபீ அறிஞர்களின் நிலைப்பாடு. 18 பாகை விலகல் அத்திசைக்குள் அடங்கும். எனினும், புதிதாகப் பள்ளிவாசல் எழுப்புவோர் கடைக்கால் தோண்டுமுன் இக்கணக்கைச் செய்துகொள்வது பேணுதலாகும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.