குறைமாதக் குழந்தைக்கு ஆண்டிபயாடிக் எத்தனை நாள்?



ஏழு, எட்டு மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டால் படவேட்டிலிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இன்குபேட்டரில் வைத்ததும் ஆண்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். வெளியே நிற்கும் நமக்கு மருந்து ஏறினால்தான் நிம்மதி. "ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. நிறுத்துவதும் வைத்தியம்தான்.

தொடக்கத்தில் அந்த மருந்தை வேண்டாம் என்று சொல்லவே கூடாது. ரத்தத்தில் கிருமி ஏறினால் ஒரு கிலோ குழந்தை சில மணி நேரத்தில் மோசமாகிவிடும். அதனால் ரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு உடனே மருந்தைத் தொடங்குவார்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் விவரம் தெரிந்துவிடும். கிருமி இல்லை, குழந்தையும் தெளிவாக இருக்கிறது என்றால் வழக்கமாக நிறுத்திவிடலாம்.

தொடர்ந்து கொடுத்தால் என்ன? குடலைக் காக்கும் நல்ல கிருமிகளையும் மருந்து அழித்துவிடுகிறது. அந்த இடத்தில் கெட்ட கிருமி பெருகினால், முழுதாக வளராத குடல் வீங்கி, அதன் சுவரே அழுகலாம். டாக்டர்கள் இதை 'நெக்' என்கிறார்கள். பெரும்பாலும் பிறந்து இரண்டு, மூன்று வாரத்தில் வரும். சில குழந்தைகளுக்கு ஆபரேஷன் வரை போகும். அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில், ஒரு கிலோவுக்கும் குறைவான 4,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கல்ச்சரில் கிருமி இல்லாதபோதும் 5 நாளுக்குக் குறையாமல் மருந்து பெற்ற குழந்தைகளிடம் நெக் அல்லது மரணம் அதிகம் காணப்பட்டது. மருந்து ஒன்றே காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் டாக்டர்கள் நாள் கணக்குப் பார்ப்பதற்கு அது ஒரு காரணம்.

நம் நாட்டு டாக்டர்களின் பயத்திலும் நியாயம் உண்டு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த ஏழு குழந்தைகளில் ஒன்றுக்குக் கிருமித் தொற்று இருந்தது. பல மருந்துக்கும் அடங்காத கிருமிகளும் ஏராளம். எனவே நாமாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். "கல்ச்சர் ரிசல்ட் வந்ததா டாக்டர்? இன்னும் எத்தனை நாள்?" என்று பணிவாகக் கேட்டால் போதும்.

குடலுக்குப் பெரிய காவல் தாய்ப்பால். குழந்தையால் சப்ப முடியாவிட்டாலும், பிறந்த சில மணி நேரத்திலேயே சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் குழாய் வழியே ஊட்டுவார்கள். தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் பால் வங்கியிலிருந்து தரலாமா என்று கேட்பார்கள். பலர் பால் கலந்திருப்பதால் பால்குடி உறவுப் பிரச்சினை வரும் என்று சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் இதைத் தடுத்தது. ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 2004-இல் குறைமாதக் குழந்தைகளுக்கு அனுமதித்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று குழம்பாமல், கர்ப்ப காலத்திலேயே இமாமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தஹ்னீக்குக்கும் டாக்டரைக் கேளுங்கள். தேன் மட்டும் ஒரு வயதுவரை வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மெடிக்கலில் ஆண்டிபயாடிக் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள். வயிறு உப்பி இறுகினால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், நள்ளிரவானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.