பழைய கம்ப்யூட்டர் பேச மறுக்குதா?

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? எவ்வளவு கூட்டம் வந்தாலும், அம்மனைத் தரிசிக்க வரிசையில் ஒருவர் பின் ஒருவராகத்தானே போக வேண்டும்? பழைய கம்ப்யூட்டர்களும் இப்படித்தான் பேசிக்கொண்டன! ஒவ்வொரு எழுத்தையும் குட்டிக் குட்டி மின் துடிப்புகளாக்கி, ஒரே கம்பியில் வரிசையாக அனுப்பின. அந்தக் கம்பிக்குப் பெயர் 'சீரியல் கேபிள்'.

1984-85ல், 'கிளாஸ்' என்ற திட்டத்தில் மத்திய அரசு சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வழங்கியது. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய 'பி.பி.சி. மைக்ரோ'தான் அது. அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட்! அதில் எழுதும் புரோகிராம்களை கேசட்டிலோ, பிளாப்பியிலோ பதிவு செய்வார்கள்.

இங்கேதான் சிக்கல். காந்தப் பதிவு நாளாக நாளாக மங்கிப் போகும். அது அழிந்தால், அந்தக் காலத்து மாணவர்கள் எழுதிய புரோகிராம்களும் போயே போச்சு! அதற்குள் அவற்றைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்ற சீரியல் கேபிள் உதவும். புதியதில் அதற்கான இணைப்பு இல்லாவிட்டால், யு.எஸ்.பி. மாற்றி ஒன்று போதும்.

பைல் போகவில்லையா? வாங்க, துப்பறியலாம்!

ஒன்றுமே வரவில்லையா? ஒன்றின் 'வாய்', மற்றதன் 'காது'டன் இணைய வேண்டும். வாயும் வாயும் இணைந்தால் யார் கேட்பது? பி.பி.சி. மைக்ரோவில் இன்னொரு வேடிக்கை: அதன் சீரியல் பிளக்கைத் தலைகீழாகவும் செருக முடியும். அதையும் பாருங்கள்.

புரியாத கிறுக்கல் வருகிறதா? இரண்டின் வேகமும் ஒன்றாக இல்லை. ஒன்று நொடிக்கு 9600 துடிப்பு என்றால், மற்றதும் 9600தான்.

நடுநடுவே எழுத்துகள் காணோமா? வாங்கும் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது! "கொஞ்சம் நில்" என்று சொல்லத் தனிக் கம்பி உண்டு. அது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் வேகத்தைக் குறையுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவின் வார்டு கிறிஸ்டென்சன் 1977ல் ஒரு வழி கண்டார். பெயர் 'எக்ஸ்மோடம்'. 128 பைட்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி, கூட்டுத்தொகையையும் சேர்த்து அனுப்பும். வாங்கும் கம்ப்யூட்டர் தானும் கூட்டிப் பார்க்கும். கணக்கு உதைத்தால், "மறுபடி அனுப்பு" என்று கேட்கும்!

9600 வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் போகும். செல்போனில் எடுத்த 5 மெகாபைட் போட்டோ ஒன்றை அனுப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்! ஆனால், அந்தக் காலத்துக் குட்டிப் புரோகிராமுக்குச் சில நொடிகளே போதும்.

உங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் பழைய கம்ப்யூட்டர் தூங்குகிறதா? ஆசிரியரிடம் கேளுங்கள். பெரியவர் துணையில்லாமல் பிளக்கைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே கேபிளை மாட்டுங்கள். எடைக்குப் போடும் முன், உள்ளே இருப்பதைக் காப்பாற்றி விடலாமே!