இல்லாத நோயாளி: தாதியர் கல்வியில் எழுத்துக் களவு குறித்து

எழுத்துக் களவு பற்றி எமது சஞ்சிகைகளில் எழும் சர்ச்சைகள் பெரும்பாலும் யாருடைய வரியை யார் எடுத்தார் என்பதோடு நின்றுவிடுகின்றன. இலக்கியத்தில் நட்டப்படுபவர் மூல ஆசிரியர். தாதியர் கல்வியில் நட்டப்படுபவர் அந்தக் கட்டுரையை ஒருபோதும் வாசிக்கப்போவதில்லை; அவர் கட்டிலில் கிடக்கிறார்.

இங்கிலாந்தில் 1989இல் தொடங்கிய 'புரொஜெக்ட் 2000' திட்டத்தோடு தாதியர் பயிற்சி வைத்தியசாலைப் பாடசாலைகளிலிருந்து உயர்கல்வி நிறுவனங்களுக்கு நகர்ந்தது. 2013இலிருந்து புதிதாகச் சேர்வோருக்குப் பட்டப்படிப்பு மட்டுமே. கூடவே ஒப்படைகளும் வந்தன. (இதைக் கேலி செய்யும் பழைய தாதியர் உண்டு. நான் அவர்கள் கட்சியல்ல.) அவற்றுள் முக்கியமானது சுயபரிசீலனைக் கட்டுரை. நடந்தது என்ன, என்ன உணர்ந்தேன், எது சரி எது பிழை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன் என்று 1988இல் கிப்ஸ் வகுத்த ஆறு படிகளில் மாணவி தான் பராமரித்த ஒருவரைப் பற்றி எழுதவேண்டும்.

இவற்றைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. இங்கே பிரதி செய்பவள் வாக்கியங்களை மட்டும் எடுப்பதில்லை. காணாத நோயாளியைக் கண்டதாகவும் படாத கவலையைப் பட்டதாகவும் சொல்கிறாள். ஒப்பீட்டு மென்பொருள் ஒரே மாதிரியான சொற்களைக் காட்டும். காசுக்குப் புதிதாக எழுதுவித்த பொய் அதற்கு அகப்படாது. கட்டுரை எழுதி விற்பதை இங்கிலாந்து 2022இல் குற்றமாக்கியது. வாங்குபவர் அச்சட்டத்தில் குற்றவாளி அல்லர்.

இதே பழக்கத்துக்கு வார்ட்டில் இன்னொரு வடிவம் உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு எண்ணவேண்டிய சுவாசம், மேல் வரியைப் பார்த்து எழுதப்படுகிறது: 16, 16, 16. ஒழுங்காக எண்ண ஒரு நிமிடம் வேண்டும். ஆகவே அதிகம் ஊகிக்கப்படுவதும் அதுவே. நோயாளி சரியப்போவதை முதலில் காட்டும் அறிகுறிகளுள் ஒன்றும் அதுவே. பிரித்தானிய வைத்தியசாலைகளில் பாவிக்கப்படும் முன்னெச்சரிக்கைப் புள்ளிமுறையில் சுவாசம் 12 முதல் 20 வரை இருந்தால் புள்ளி பூச்சியம். 25 ஆனால் 3. அந்த ஒரு 3 போதும், அவசரமாக வந்து பார்க்கவேண்டும். பிரதி செய்த 16 யாரையும் அழைக்காது.

மேலிடத்து நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஸ்ராஃபேர்ட் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான்கு மணிநேர இலக்குக்காகக் காத்திருப்பு நேரங்களைப் பொய்யாக்கிய இரு தாதியர் 2013இல் பதிவிலிருந்து நீக்கப்பட்டனர். இலக்கை விதித்தவர்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை.

'எம்மவர் மனனப் படிப்பில் வளர்ந்தவர்கள், அதனால்தான் பிரதி செய்கிறார்கள்' என்ற விளக்கமும் இங்கே அடிக்கடி கேட்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆசிரியர் சொன்ன நோட்ஸை அப்படியே ஒப்புவிப்பவன் தான் எதையும் கண்டதாகச் சொல்வதில்லை. பாடநூலின் வரைவிலக்கணத்தை மேற்கோள்குறி இல்லாமல் எழுதிய மாணவிக்கு ஒரு பின்னேரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். நோயாளியையே புனைந்தவளை அடுத்த வார்ட்டுக்கு அனுப்பமுன் நிறுத்தி விசாரிக்கவேண்டும். நான் அறிந்த விசாரணைக் குழுக்களில் இருவரும் ஒரே படிவத்தில், ஒரு சதவீத எண்ணோடு வருகிறார்கள். பெரிய எண் பெரும்பாலும் முதலாமவளுடையது.