கம்பளியில் சூடு இருக்கிறதா?

அயல்நாட்டில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்தால் துணிக்கடைக்குப் போகாமல் திரும்புவதில்லை. தீபாவளிக்குக் கனடாவிலிருந்து வந்தவர், அடுத்து அங்கே தொடங்கப்போகும் குளிர்காலத்துக்கும் சேர்த்தே உடை வாங்க நினைப்பார். "நல்ல கனமான துணியாகப் பார்த்து எடு, குளிருக்கு ஆகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த யோசனை சரிதானா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தத் துணியும் வெப்பத்தை உண்டாக்கித் தருவதில்லை. கம்பளி சூடான பொருள் என்றால், அதில் சுற்றி வைத்த ஐஸ்கட்டி சீக்கிரம் உருக வேண்டும். உண்மையில் அது மெதுவாகத்தான் உருகுகிறது. நமக்கு அடுப்பு நம் உடலே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் விரைந்து போய்விடாமல் தடுப்பதே குளிர்கால உடையின் வேலை.

இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நூலன்று. நூலிழைகளுக்கிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. காற்று ஓர் அரிதிற் கடத்தி. தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு பெரும்பாலும் நன்றாகக் குளிர் தாங்குவது ஏன்? இரண்டுக்கும் நடுவே இன்னொரு காற்றுப் படலம் கிடைப்பதால்தான். ஆகவே துணியின் கனத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

இனி ஈரத்தைக் கவனிப்போம். பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதி உடலிலிருந்தே போவதால் நமக்குக் குளிர்ச்சி. நம் ஊர் வெயிலுக்குத் திருப்பூர்ப் பனியன் உற்ற தோழனாக இருப்பது இதனால்தான்.

அதே குணம் பனியில் பகையாகிறது. பேருந்தைப் பிடிக்க ஓடினால் அங்கேயும் வியர்க்கும். பருத்தி நனைந்துவிட்டால், காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துகொள்கிறது. நீரோ காற்றைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு வெப்பம் கடத்துவது. ஓட்டம் நின்ற பிறகும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கம்பளி இழை சுருள் சுருளானது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அது எளிதில் படிந்துபோகாமல், காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் இழை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் விரைவில் காயும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றின்மேல் உலர்ந்த பருத்தித் துணியையும், மற்றதன்மேல் அதே துணியை நனைத்துப் பிழிந்தும் சுற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து வெப்பமானியை வைத்தால் வேறுபாடு தெரியும்.

ஆகவே கடைக்குப் போகும்போது பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கோடைக்கும், வெப்பமூட்டிய அறைக்குள் உடுத்தவும் தளர்வான பருத்தி உடைகளை இங்கே தாராளமாக வாங்கலாம். வெளியில் நடமாட, உடலை ஒட்டிய அடியுடை கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். அதன்மேல் கம்பளிச் சட்டை ஒன்று. ஸ்வெட்டரைக் கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள். மீண்டும் உப்பி எழுந்தால் அதில் காற்றுக்கு இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே போடும், குளிர்காற்றுப் புகாத மேலங்கியை மட்டும் போய்ச்சேரும் ஊரிலேயே வாங்குவது நல்லது. அந்த ஊர்க் குளிரின் அளவு அந்த ஊர்க் கடைக்காரருக்குத்தான் தெரியும்.