ஒரு முகவரியில் பல தளங்கள்

தருமபுரி மாவட்டத்தில் அரூர் என்னும் ஊர் உண்டு. கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்திலும் அதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் எழுதிய மடல் எங்கே போய்ச் சேரும்? இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கவே, 1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. தருமபுரி அரூருக்கு உரியது 636903.

இணையத்தில் எழுவதோ இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே எண்முகவரி ஒன்றே, பெயர்களோ பல. இணையதளங்களைத் தன்னிடம் வைத்திருந்து, கேட்பவர்க்கு எடுத்து அனுப்பும் கணிப்பொறியை வழங்கி என்பர். பழைய முறையில் அமைந்த எண்முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே ஆதலின், தளந்தோறும் ஒன்று தருதல் இயலாது. 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் விதி, ஒவ்வொரு வேண்டுகோளும் தான் நாடும் தளத்தின் பெயரைத் தாங்கி வரவேண்டும் என்று வகுத்தது. அதனால் ஒரே வழங்கியில் நூறு தளங்களும் குடியிருக்கலாயின.

அரூரில் மஞ்சள் வணிகர் ஒருவரின் தளமும் பள்ளி ஒன்றின் தளமும் ஒரே வழங்கியில் உள்ளன எனக் கொள்வோம். அன்றைய விலையை அறிய வணிகரின் தளத்தை நாடிய உழவர், பள்ளியின் தேர்வு அட்டவணையைக் கண்டு திகைக்கிறார். மூட்டைகளை வண்டியில் ஏற்றுவதா, பொறுத்திருப்பதா என அறியாது தடுமாறுகிறார். வழங்கி பழுதுபட்டு நின்றுவிடவில்லை, தவறாக விடையளிக்கிறது. காரணம் யாது? அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருள், கேட்கப்பட்ட பெயர் தன் அமைப்பு ஏட்டில் இல்லையாயின், அம்முகவரிக்கு முதலில் எழுதப்பட்டுள்ள தளத்தையே எடுத்து நீட்டிவிடும். பெரும்பாலும் பிழை மிகச் சிறியது. முன்னே மூன்று டபிள்யூ சேர்ந்த பெயரும் சேராத பெயரும் நமக்கு ஒன்றே. இயந்திரத்துக்கோ அவை இரண்டு. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டிருப்பர்.

பூட்டுக் குறியுடைய தளமாயின் உழவர் அட்டவணையையும் காணார். பள்ளிக்குரிய சான்றிதழ் வணிகரின் பெயருக்குக் காட்டப்படுவதால், உலாவி எச்சரித்துத் தடுத்துவிடும்.

பிழையைத் தேடுவோர் மடல் சென்ற வழியே செல்லல் வேண்டும். அப்பெயர் இவ்வழங்கியின் எண்ணையே சுட்டுகின்றதா என்று முதலில் காண்பர். பின்னர், ஏட்டில் எப்பெயர்கள் எவ்வரிசையில் பதிந்துள்ளன என்று வழங்கியையே வினவுவர். அதற்கெனக் கட்டளை ஒன்று உண்டு. விடுபட்ட பெயரைச் சேர்த்தபின்னும் பழைய பக்கமே வரக்கண்டு மனம் சோர்வார் பலர். வழங்கி தன் ஏட்டைத் தொடங்கும்பொழுதே படித்து வைத்துக்கொள்கிறது. திருத்தியதை மீண்டும் படிக்குமாறு அதனை ஏவவேண்டும். அவ்வாறு ஏவிய பின்னரே உழவரின் கைப்பேசியில் மஞ்சள் விலை தோன்றும்.